உடன்குடிக் கருப்பட்டி: கொடுக்கும் விலைக்குத் தகுமா?

இனிப்பு மட்டும் போதும் என்றால் உடன்குடிக் கருப்பட்டி வாங்க வேண்டிய அவசியமே இல்லை. அச்சு வெல்லம் அந்த வேலையைப் பாதி விலைக்கும் குறைவாகச் செய்துவிடும். இனிப்போடு கூடவே வரும் மெல்லிய கரிப்பும் புகை வாசமும் வேண்டும் என்கிறவர்கள்தாம் கிலோவுக்கு 400 ரூபாய் கொடுத்து இதை வாங்க வேண்டும். அவர்களும் கூடுமானவரை பங்குனிக்கும் ஆடிக்கும் இடைப்பட்ட பதநீர்க் காலத்தில், காய்ச்சுகிற ஊரிலேயே வாங்குவது நல்லது. உடன்குடியில் வாங்கி வந்த கருப்பட்டியையும், நகரத்துப் பலசரக்குக் கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கும் கருப்பட்டியையும் ஒரே அடுப்பில், ஒரே பண்டத்தில் மாற்றி மாற்றிப் போட்டுச் சமைத்துப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சமையலில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் பொங்கலுக்கும் பாயசத்துக்கும் கொழுக்கட்டைப் பூரணத்துக்கும் வெல்லம்தான். கருப்பட்டி என்பது சளி பிடித்தால் சுக்குக் காப்பிக்காக நாட்டு மருந்துக் கடையிலிருந்து வாங்கி வரும் பொருள். திருநெல்வேலி, தூத்துக்குடிக்காரர்களுக்குப் பால்யத்திலிருந்தே தெரிந்த பல விஷயங்கள் எனக்கு அந்தப் பயணத்தில்தான் தெரிய வந்தன. ஆகையால் வெல்லம் பழகிய கை ஒன்று கருப்பட்டியை எப்படி எடைபோடுகிறது என்பதாகவே இந்த மதிப்பீட்டைக் கொள்ள வேண்டும்.

உடன்குடி தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்குத் தென்மேற்கே இருக்கிறது. திருச்செந்தூருக்குச் சுவாமி தரிசனத்துக்கோ தசராவுக்குக் குலசேகரன்பட்டினத்துக்கோ போகிறவர்கள் அரை நாள் ஒதுக்கினால் தாராளமாகப் போய்த் திரும்பலாம். வழியெங்கும் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளும் அவற்றில் கூட்டம் கூட்டமாக நிற்கும் பனைகளும் வருகின்றன. மழை குறைந்த இந்தச் செம்மண்ணில் நிற்கும் பனையின் பதநீருக்குத் தித்திப்புக் கூடுதல் என்று அந்த ஊர்க்காரர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். ஆங்கிலேயர் காலத்தில் குலசேகரன்பட்டினத்தில் பனைவெல்லத்திலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலை ஒன்று இருந்ததையும், அதையொட்டித் திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் இடையே ஒரு சிறு ரயிலே ஓடியதையும் நினைத்துப் பார்த்தால், இந்த வட்டாரத்தில் பனைத்தொழில் எவ்வளவு பெரிதாக நடந்திருக்கிறது என்பது விளங்கும். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. அந்தப் பெருமை கிடைத்த பிறகு ஊர்ப்பெயரைப் பொட்டலத்தில் அச்சடித்துக்கொள்வதும் கூடியிருக்கிறது என்பதால், பெயரைப் பார்த்து மட்டும் வாங்குவது முன்னைவிட இப்போது ஆபத்தானது.

கடைத்தெருவில் நான் நுழைந்தது பெயர்ப்பலகைகூடச் சரியாகத் தெரியாத ஒரு சிறு கடை. அங்கே எனக்கு முதலில் பிடித்துப்போனது கடைக்கார அண்ணாச்சியின் நேர்மை. இரண்டு ஓலைப்பெட்டிகளைக் காட்டி, "இது சீனி சேந்தது, கிலோ இருநூத்தி இருவது. இது அசலு, நானூறு. எதுக்கு வேணும்னு சொல்லுங்கம்மா, அதுக்குத் தக்கன தாரேன்" என்றார். கலப்புச் சரக்கை வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், பெரிய அளவில் மிட்டாய் போடுகிறவர்களுக்கு அதுதான் தோது என்று அவரே விளக்கினார். சுக்கும் ஏலமும் சேர்த்த சில்லுக்கருப்பட்டியும், பனங்கற்கண்டும் தனியாக இருந்தன. எதைக் கேட்டாலும் ஒரு சில்லு உடைத்துக் கையில் கொடுத்து, சுவைத்துப் பார்த்த பிறகே எடை போட்டார். சுவைத்துப் பார்க்க விடாத கடையில் கருப்பட்டி வாங்கவே கூடாது என்பது என் திடமான கருத்து.

பதநீர் காய்ச்சுவதைப் பார்க்க வேண்டும் என்றதும் அவரே வழி சொல்லி, தேரியை ஒட்டிய ஒரு விடிலிக்கு, அதாவது பதநீர் காய்ச்சும் குடிசைக்கு, அனுப்பி வைத்தார். பனையோலைக் கூரை, மண் அடுப்பு, அகன்ற அண்டா, எரிப்பதற்குக் காய்ந்த மட்டையும் ஓலையும் என்று எல்லாமே அந்த மரத்தைச் சுற்றியே இருந்தன. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டுவதால்தான் பாளையிலிருந்து சொட்டும் நீர் புளித்துக் கள்ளாகாமல் பதநீராக இறங்குகிறது. அந்தச் சுண்ணாம்பு அடியில் படிந்து தெளிந்த பிறகு, மேலே நிற்கும் நீரை வடிகட்டி அண்டாவில் ஊற்றுகிறார்கள். கொதி ஏறியதும் நுரை விளிம்பு வரை பொங்கி வர, அடுப்பைக் கவனித்துக்கொண்டிருந்த அக்கா நசுக்கிய ஆமணக்கு விதையில் ஒரு கிள்ளு எடுத்துப் போட்டார். அதட்டலுக்கு அடங்கிய பிள்ளையைப் போல நுரை அப்படியே கீழே இறங்கியது. பிறகு நெடுநேரம் கிளறல்தான். வெளுத்த நீர் தேன் நிறமாகி, தேன் நிறம் கருஞ்சிவப்பாகி, கொப்பளங்கள் பெரிதாகிச் சத்தமும் மாறுகிறது. அந்தச் சத்தம் மாறியதும் அவர் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்தார். அது உருண்டு நின்ற கணத்தில் அண்டாவை இறக்கி, துடுப்பால் வேகமாகக் கடைந்து, மணலில் வரிசையாகப் பதித்து வைத்திருந்த சிரட்டைகளில் ஊற்றத் தொடங்கினார். "முந்தி எறக்குனா கசிஞ்சிரும், பிந்துனா காந்தல் அடிக்கும்" என்று ஊற்றிக்கொண்டே சொன்னார்.

ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறக்குறைய எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வேண்டும். அதற்குக் காலையும் மாலையும் ஒவ்வொரு மரமாக ஏறிப் பாளை சீவ வேண்டும். பிறகு இத்தனை நேரம் அடுப்பின் முன்னால் வேக வேண்டும். ஏறுவதற்கு ஆள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது என்று அங்கே பேசிய எல்லாருமே கவலைப்பட்டார்கள். கிலோ 150, 160 ரூபாய்க்குத் 'தூய பனங்கருப்பட்டி' என்று யாராவது விற்றால், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே அதில் என்ன இருக்கும் என்பது தெரிந்துவிடும்.

இனி வீட்டுக்கு வந்த சரக்கைப் பற்றி. உடன்குடியில் வாங்கிய அசல் கருப்பட்டியின் மேற்பரப்பு மங்கலாக, பளபளப்பே இல்லாமல் இருந்தது. சிரட்டையின் வரிகள் அதில் பதிந்திருந்தன. ஒன்று போல மற்றொன்று இல்லை. உடைத்தால் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஒரு படி வெளிறிய பழுப்பு. நயமான மணல்மணலான பதம். ஓரத்தை விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்கிறது. வாயில் போட்டதும் முதலில் தெரிவது இனிப்பு அல்ல, லேசான கரிப்பு. அதன் பின்னால் இனிப்பு எழுந்து, கரைந்து முடிகிற நேரத்தில் ஓலைப்புகையின் வாசமும் இருக்கிறதா இல்லையா என்ற அளவில் ஒரு கசப்பும் நாக்கின் பின்பக்கம் தங்குகின்றன. நகரத்தில் நான் வாங்கிய பொட்டலம் ஒன்றில், அதன் பெயர் இங்கே வேண்டாம், எல்லா அச்சும் ஒரே எடையில், எண்ணெய் தடவியது போன்ற மினுக்கத்தோடு இருந்தன. அம்மிக்குழவியால் தட்டித்தான் உடைக்க முடிந்தது. உடைந்த இடத்தில் சீனிப் பரல்கள் மின்னின. வாயில் போட்டால் நேரே தித்திப்பு. தித்திப்பு போனதும் எதுவும் மிஞ்சவில்லை.

கண்ணும் நாக்கும் ஏமாறலாம்; அடுப்பில் வைத்தால் உண்மை தெரிந்துவிடுகிறது. இரண்டையும் சம அளவில் எடுத்துத் தண்ணீரில் கரைத்து வடிகட்டினால், அசலில் கொஞ்சம் நுண்மணலும் வெண்ணிறச் சுண்ணாம்புப் படிவும் அடியில் தங்குகின்றன. அது குறை அல்ல, ஆனால் கட்டாயம் வடிகட்டித்தான் பயன்படுத்த வேண்டும். பாகு காய்ச்சும்போது வித்தியாசம் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. அசல் கருப்பட்டிப் பாகு உருட்டுப் பதத்துக்கு வர நேரமாகிறது. அதில் பிடித்த கடலை உருண்டை முதல் நாள் உறுதியாக இருந்து, ஈரக்காற்றுப் பட்டதும் கசியத் தொடங்குகிறது. பொட்டலச் சரக்கிலோ பாகு சட்டென்று பதம் ஏறி, உருண்டை மொறுமொறுவென்று நாட்கணக்கில் நின்றது. மிட்டாய்க்காரர்களுக்குக் கலப்புத்தான் தோது என்று அண்ணாச்சி சொன்னதன் பொருள் அப்போது புரிந்தது.

அசல் கருப்பட்டி தன் முழுத் தரத்தையும் காட்டிய பண்டம் உளுந்தங்களி. தோலுடன் கூடிய கருப்பு உளுந்து நான்கு பங்குக்குப் பச்சரிசி ஒரு பங்கு எடுத்து, வாசம் வரும் வரை தனித்தனியாக வறுத்து, நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ள வேண்டும். ஒரு கப் மாவுக்கு ஒரு கப் தட்டிய கருப்பட்டியை மூன்று கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, அந்தக் கரைசல் ஆறிய பிறகு மாவைக் கட்டியில்லாமல் கலக்கி, இரும்புச் சட்டியில் சிறுதீயில் கிளற வேண்டும். மாவு இறுகத் தொடங்கியதும் நல்லெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக, மொத்தம் கால் கப் அளவுக்கு விட்டுக்கொண்டே கிளறினால், களி சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும். ஈரக்கையால் தொட்டால் கையில் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் இறக்கி, நடுவில் குழி செய்து இன்னும் ஒரு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றிச் சாப்பிட வேண்டும். வறுத்த உளுந்தின் வாசமும் நல்லெண்ணெயின் காரலும் கருப்பட்டியின் கரிப்பும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிப்பதை அந்த ஒரு வாயில் உணரலாம். இதே களியை வெல்லத்தில் செய்தால் எண்ணெய் திகட்டுகிறது. பொட்டலக் கருப்பட்டியில் செய்தால் இனிப்புத் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. தெற்கத்தி வீடுகளில் பெரியவளான பெண்பிள்ளைகளுக்கு இந்தக் களியைத் தவறாமல் கொடுத்து வந்த பழக்கத்தில், கருப்பட்டிக்குப் பதில் வேறு எதையும் போடச் சம்மதிக்காத பாட்டிகளின் பிடிவாதம் முற்றிலும் நியாயமானது.

புளிக்குழம்பில் கிடைத்த பலனை நான் எதிர்பார்க்கவில்லை. சுண்டைக்காய் வற்றல் குழம்பில் கடைசியாகப் போடும் வெல்லத் துண்டுக்குப் பதில் அதில் பாதி அளவு கருப்பட்டி போட்டேன். குழம்புக்கு இனிப்பு ஏறாமலே புளியின் கூர்மை மழுங்கி, நிறமும் ஆழமானது. இப்போது எங்கள் வீட்டில் குழம்புக்கு வெல்லம் எடுப்பதே இல்லை. குழிப்பணியாரமும் நன்றாகவே வருகிறது. ஆனால் கருப்பட்டி கலந்த மாவு சீக்கிரம் கருகும் என்பதால் தீயை வழக்கத்தைவிடக் குறைத்து, குழியில் நல்லெண்ணெய் கொஞ்சம் தாராளமாக விட வேண்டும்.

சர்க்கரைப் பொங்கலுக்கு மட்டும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நெய், ஏலக்காய், பச்சைக் கற்பூரம் ஆகிய மூன்றோடும் கருப்பட்டியின் புகை வாசம் ஒத்துப்போவதில்லை. ஒன்றோடொன்று மல்லுக்கு நின்று, கடைசியில் எதன் மணமும் தெரியாமல் போகிறது. பொங்கலுக்கு வெல்லம்தான் சரி என்று தஞ்சாவூர்க்காரியாகவே சொல்கிறேன். பாயசத்துக்குப் பயன்படுத்துகிறவர்கள் பசும்பாலைத் தவிர்த்துத் தேங்காய்ப்பாலை எடுத்துக்கொள்வது நல்லது. பசும்பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் திரிந்துவிட வாய்ப்பு அதிகம். அடுப்பை அணைத்து, சூடு தணிந்த பிறகே கருப்பட்டிக் கரைசலைச் சேர்க்க வேண்டும். காப்பிக்கும் இதே விதிதான். ஆனால் பாலில்லாத கருப்பட்டிக் காப்பிதான் இந்தச் சரக்குக்கு ஏற்ற மரியாதை. கரைசலைக் கொதிக்கவைத்து, அதில் காப்பித்தூளைப் போட்டு மூடிவைத்து, தெளிந்ததும் இறுத்துக் குடிக்கும்போது, தூள் சாதாரணமானதாக இருந்தாலும் குறை தெரிவதில்லை. சுக்கு, மல்லி, மிளகு தட்டிப் போட்ட சுக்குக் காப்பியைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

பொட்டலங்கள் பலவற்றில் சர்க்கரை நோயாளிகளும் தயங்காமல் சாப்பிடலாம் என்ற தொனியில் வாசகங்கள் காணப்படுகின்றன. இது என்னை மிகவும் வருத்துகிறது. கருப்பட்டியில் இரும்பு முதலான தாதுக்கள் வெள்ளைச் சீனியைவிடக் கூடுதலாக இருக்கலாம். ஆனால் அதில் பெரும்பங்கு சர்க்கரைதான். எங்கள் குடும்பத்திலேயே நீரிழிவுக்காரர்கள் இந்த வாசகத்தை நம்பி அளவில்லாமல் காப்பியில் போட்டுக் குடித்திருக்கிறார்கள். நல்ல கருப்பட்டியை அதன் சுவைக்காக விற்றாலே போதும், மருந்து என்று சொல்லி விற்க வேண்டியதில்லை. உடன்குடிக் கடையில் அப்படி ஒரு சொல்கூட யாரும் சொல்லவில்லை.

குறைகளும் உண்டு. காய்ச்சிய தேதியோ காய்ச்சியவர் விவரமோ எதுவும் பெட்டியில் இல்லை. கடைக்காரரின் வாய்வார்த்தையே ஆதாரம். ஒரே பெட்டியில் வந்த கருப்பட்டிகளுக்குள்ளேயே ஒன்று நல்ல பதமாகவும் ஒன்று லேசாகக் காந்தலாகவும் இருந்தன. கைத்தொழிலில் இது இயல்புதான் என்றாலும், இந்த விலைக்குக் காந்தியதைத் தனியே பொறுக்கி எடுத்திருக்கலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை ஈரம். ஐப்பசி மழை தொடங்கியதும் கருப்பட்டி வியர்த்து, அடியில் பாகாக வழிந்துவிடுகிறது. அந்த ஊர் வீடுகளில் அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். எரிவாயு அடுப்பு வீடுகளில், காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, வெயில் நாட்களில் அவ்வப்போது திறந்து உலர்த்த வேண்டியிருக்கிறது. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் கெட்டியாக இருக்கும், ஆனால் வெளியே எடுத்த சிறிது நேரத்திலேயே மேற்பரப்பில் நீர் கோத்துக்கொள்கிறது. கசிந்துவிட்ட கருப்பட்டியைத் தூக்கி எறிய வேண்டாம். பூஞ்சை பிடிக்காமல் இருந்தால் அப்படியே கரைத்து வடிகட்டிப் பாகாகக் காய்ச்சி, பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொண்டு, காப்பிக்கும் குழம்புக்கும் அதையே எடுக்கலாம்.

சில்லுக்கருப்பட்டி தனிப் பாராட்டுக்கு உரியது. பெரிய கருப்பட்டியைவிடக் கிலோவுக்கு 100 ரூபாய்க்கு மேல் கூடுதல் என்றாலும், சுக்கின் காரம் முதலில் பட்டு, ஏலம் பின்னால் வர, சமைக்காமல் அப்படியே வாயில் போட்டுக்கொள்ளும் பண்டம் அது. சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு ஒரு சில்லு கொடுத்தால் மிட்டாய் கேட்பதில்லை. பனங்கற்கண்டைப் பொறுத்தவரை, வெளியூர்க் கடைகளில் கிடைப்பதற்கும் அங்கே வாங்கியதற்கும் என் நாக்குக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அதற்காக மட்டும் அங்கே போக வேண்டியதில்லை.

நேரில் போக முடியாதவர்களுக்குக் கடைக்காரர் பார்சலும் அனுப்புகிறார். சித்திரையில் வரவழைத்தது ஓலைப்பெட்டியோடு சேதமில்லாமல் வந்தது. மழைக்காலத்தில் உறவினருக்காக வரவழைத்தபோது, கொண்டுவந்த பார்சல் நிறுவனத்தின் கிடங்கில் எங்கோ நனைந்து, பாதி கரைந்த நிலையில் வந்து சேர்ந்தது. கடைக்காரரிடம் சொன்னதும், அது அவர் தவறு இல்லாவிட்டாலும், அடுத்த முறை பாதிச் சரக்கை விலையில்லாமல் சேர்த்து அனுப்பினார். ஆகவே ஆண்டுக்குத் தேவையானதை வைகாசி, ஆனிக்குள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு, வாரம் இரண்டு முறை காப்பியும் மாதம் ஒரு முறை களியும் குழம்புக்குச் சிறு துண்டுகளும் என்று வைத்துக்கொண்டால், ஐந்து கிலோ தாராளமாகப் போதும். ஆவணிக்குப் பிறகு கடையில் இருப்பது பழைய சரக்கு என்பதால், அப்போது வாங்க நேர்ந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம்.